ஒரே மூளையில் அடைப்பும் கசிவும்

தாம்பரம் சண்முகம் சாலையில் பெரியவர் ஒருவர் திடீரென்று சரிந்து விழுவதாகக் கொள்வோம். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சுக் குழறுகிறது, வலக்கையைத் தூக்க முடியவில்லை. விழுந்தபோது தலையும் தரையில் மோதியிருக்கிறது. 108 வண்டி அவரை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்கிறது. மூளையின் பெரிய தமனி அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் மடியும் என்பது ஒரு கணக்கு.

மருத்துவமனையில் முதல் வேலை சி.டி. ஸ்கேன். புதிதாகக் கசிந்த இரத்தம், மூளைத் திசுவைவிடச் சற்று மிகுதியாக எக்ஸ் கதிர்களைத் தடுக்கும். படத்தில் வெண்மையாகத் தெரியும். (இக்கருவிக்காக 1979இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஆலன் கார்மாக் முன்பு இயற்பியல் விரிவுரையாளர். எனக்கு அதில் சற்றுப் பெருமை!)

நம் பெரியவருக்கோ இரண்டும் இருக்கின்றன: ஒரு தமனியில் உறைகட்டி, அடிபட்ட இடத்தில் கசிவு. கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசியில் செலுத்தலாமே என்பீர்கள். பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் பலருக்கும் அதைத்தான் தருகிறார்கள். ஆனால் அம்மருந்து உடல் முழுதும் சுற்றும். கசியும் இடத்தை அடைத்து நிற்பதும் ஓர் உறைகட்டிதானே! அதையும் கரைத்துவிட்டால் கசிவு பெருகும். ஆகவே இவருக்கு அது ஆகாது.

எஞ்சியிருப்பது, கட்டியை வெளியே எடுத்துவிடுவது. 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகளுக்குப் பின் இம்முறை உறுதியாக நிலைபெற்றது. தொடை இடுக்கிலுள்ள தமனி வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்துவார்கள். கம்பிவலையில் சிக்கவைத்துக் கட்டியை இழுக்கலாம், அல்லது உறிஞ்சலாம். இளநீரில் குழல் வைத்து உறிஞ்சும்போது இளநீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம் அன்றோ? இங்கும் அதே கதைதான். குழாயின் உள்விட்டம் 1.8 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 2.5 சதுர மில்லிமீட்டர். முழு வெற்றிடமே உண்டாக்கினாலும், ஒரு வளிமண்டல அழுத்தம் அதன்மீது தரும் விசை ஏறக்குறைய 25 கிராம் எடைக்குச் சமம். இந்தச் சின்ன விசை கட்டியைப் பற்றிக்கொள்ளப் போதும். அது செயல்படுவதும் குழாயின் நுனியில் மட்டுமே.

அப்படியானால் அபாயமே இல்லையா? உண்டு. அடைப்பு நீங்கியதும், நலிந்துபோன நாளங்களுக்குள் இரத்தம் முழு அழுத்தத்துடன் பாயும். கசிவும் அப்பகுதியிலேயே இருந்தால் ஆபத்து அதிகம். அந்தப் பெரிய ஆய்வுகளில் இத்தகைய நோயாளிகளைச் சேர்க்கவில்லை. எனவே கசிவின் அளவையும் இடத்தையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனியாகவே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தத்தைக் கவனமாகக் கட்டுக்குள் வைத்திருந்து, மறுநாள் மீண்டும் ஒரு சி.டி. எடுத்து, அந்த வெண்மை பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.