ஒரு நாள் பயணத்துக்கு ஒரு வருடச் சந்தா

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் வரவு செலவுக் கணக்கில் சுற்றுலாவுக்கு இடமில்லை என்பதே பொதுவான எண்ணம். அரிசி, மருந்து, பிள்ளைகளின் கொப்பி, பஸ் காசு என்று எழுதி முடிக்கும்போதே கூலிப்பணம் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் நலன்புரி நிலையங்களிலும் பிறர் காணிகளிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் பலருக்குக் குளக்கட்டு எப்படி இருக்கும், துருசு எப்படித் திறக்கும், அப்பு கமம் செய்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் தெரியாது. 1990 இல் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் வெளிக்கிட்டவர் இன்று 35 வயதைத் தாண்டிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஊரைக் கதையாக மட்டுமே அறிவார்கள். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த முதியவர்களும் ஒருவர் பின் ஒருவராக எம்மை விட்டுப் போகிறார்கள்.

வருடத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளையும் முதியவர்களையும் ஒன்றாக அழைத்துச் சென்று எமது பழைமையான இடங்களைக் காட்ட வேண்டும். கடன்படாமல் அதைச் செய்ய முடியுமா? முடியும். கணக்குப் போட்டுச் செய்தால் முடியும்.

அங்கத்துவம் என்ற ஏற்பாடு

இங்கிலாந்தில் குடியேறியுள்ள எம்மவர் சிலர் 'நாஷனல் ட்ரஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றி அறிந்திருப்பார்கள். 1895 இல் மூவர் சேர்ந்து இதனைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான ஒக்டேவியா ஹில் அம்மையார், லண்டன் மாநகரின் ஏழைத் தொழிலாளருக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்று உழைத்தவர். ஒடுங்கிய அறைகளில் அடைபட்டு வாழும் மக்களுக்குக் காற்றும் வெளியும் பசும்புல்லும் தேவை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தகரக் கொட்டிலில் கோடை காலத்தைக் கழித்தவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த அமைப்பில் வருடச் சந்தா கட்டிய குடும்பம் அதன் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் வருடம் முழுவதும் மேலதிகக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 'இங்கிலிஷ் ஹெரிற்றேஜ்' என்ற இன்னோர் அமைப்பு 400க்கு மேற்பட்ட கோட்டைகளையும் இடிபாடுகளையும் பராமரிக்கிறது. எதில் சேர்வது என்று அங்குள்ள குடும்பங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கின்றன. எமது வீட்டுக்குக் கிட்ட எந்த அமைப்பின் இடங்கள் கூட உள்ளன? வருடத்தில் உண்மையாகவே எத்தனை தடவை போவோம்? அத்தனை தடவையும் வாசலில் காசு கொடுத்தால் எவ்வளவு ஆகும்? வாசலில் கொடுக்கும் தொகை சந்தாவைவிடக் கூடினால் சேர்வது இலாபம். குறைந்தால் சேராமல் விடுவதே புத்தி.

எமது கணக்கு வேறு

இந்தக் கேள்விகளை இங்கே கொண்டுவந்தால் விடை மாறிவிடுகிறது. எமது நாட்டில் தொல்பொருள் இடங்களில் உள்நாட்டவரிடம் அறவிடும் கட்டணம் வெளிநாட்டவருக்குரியதைவிட மிகக் குறைவு. குளக்கட்டில் நிற்கவும் கோயிலில் கும்பிடவும் யாரும் ரிக்கற் கேட்பதில்லை. எமது காசைத் தின்பது வாசல் அல்ல, வழிதான். வாகன வாடகையே பெருஞ்செலவு. ஆகவே எமக்கு வேண்டியது வாகனத்துக்கான அங்கத்துவம். அதனை எந்த அமைப்பும் எமக்குத் தரப்போவதில்லை. நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம். நால்வர் கொண்ட 12 குடும்பங்கள் சேர்ந்தால் 48 பேர், ஒரு பஸ் நிறையும். குடும்பத்துக்கு மாதம் 250 ரூபா என்றால் மாதம் 3,000 ரூபா, 10 மாதத்தில் 30,000 ரூபா சேரும். மீதி இரண்டு மாதச் சந்தா 6,000 ரூபாவைத் தண்ணீருக்கும் அவசரச் செலவுக்கும் வைக்கலாம். உங்கள் பகுதியில் பஸ் வாடகை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். வாடகையை முதலில் விசாரித்து, அதைக் குடும்பங்களாலும் மாதங்களாலும் பிரித்த பின்னரே சந்தாவைத் தீர்மானியுங்கள். கூலிக்குப் போகிறவர்கள் கிழமைக்கு 60 ரூபாவாகக் கட்டட்டும். கமம் செய்கிறவர்கள் அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கட்டட்டும்.

இதற்குச் சில விதிகள் அவசியம்.

முதலாவது, இந்தப் பணத்தை எவருக்கும் கடனாகக் கொடுக்கக் கூடாது; பயணத்துக்காகக் கடன் வாங்கவும் கூடாது. நுண்கடனுக்குத் தவணை கட்டிக் களைத்த எமது பெண்களுக்கு இன்னொரு தவணை வேண்டாம்.

இரண்டாவது, மாதர் சங்கத்தின் பெயரிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலோ வங்கியில் தனிக் கணக்கு வைத்து, இருவர் கையொப்பமிட்டே பணம் எடுக்க வேண்டும். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும்.

மூன்றாவது, காணி விடுவிக்கப்பட்டு இடையில் ஊர் திரும்பும் குடும்பத்துக்கு, அது கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடம் மாறி மாறி வாழும் எமக்கு இந்த விதி இல்லாவிட்டால் ஒருவரும் நம்பிச் சேர மாட்டார்கள்.

நான்காவது, சந்தா கட்ட முடியாத விதவைத் தாய்க்கும் அவரது பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அதைத் தருமம் என்று சொல்லிக் காட்டக் கூடாது. கட்டுச்சோறு கட்டும் பொறுப்பை அவருடன் பகிர்ந்துகொண்டால் அவரும் பங்காளிதான்.

எங்கே போவது?

செலவு வழியில்தான் என்பதால், ஒரே றோட்டில் அடுத்தடுத்து இருக்கும் இடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். மதவாச்சி - மன்னார் வீதி அதற்கு நல்ல உதாரணம்.

அவ்வழியே வந்தால் கட்டுக்கரைக்குளத்தைக் காணலாம். 5 ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம் இது. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே இக்குளத்துக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து பல சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் பிரித்து விடுகிறார்கள். எமது வரண்ட வலயத்தின் தொடர் குளங்களையும் அவற்றைச் சுற்றிய கிராமங்களையும் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. இலங்கையில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள 8 உலக மரபுரிமை இடங்களில் ஒன்றுகூட வட மாகாணத்தில் இல்லை. ஆனால் எமது பாட்டன்மார் மண் சுமந்து காத்த குளக்கட்டும் உலகம் மதிக்கும் மரபுதான் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும். துருசு, வான், வாய்க்கால், வட்டவிதானையாரின் வேலை ஆகியவற்றை விளக்க வேண்டியவர் உங்களுடன் வரும் முதியவரே. அவருக்கு மேலான வழிகாட்டி கிடைக்கமாட்டார்.

அடுத்து மாந்தை. தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் இங்கேயே உள்ளது. பழைய மாதோட்டத் துறைமுகமும் இதுவே. பின்னர் பாலத்தைக் கடந்தால் மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய இக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். அங்கிருந்து கிட்டத்தான் பள்ளிமுனைப் பெருக்கமரம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். எத்தனை பிள்ளைகள் கைகோத்தால் மரத்தைச் சுற்றி வரலாம் என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் மடு. 1670 இல் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி மாந்தையிலிருந்து வெளிக்கிட்ட 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டு வழியே வந்து சேர்ந்த இடம் இது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஓகஸ்ற் மாதத்தில் திரும்பியது. காலையில் மாந்தையைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தக் குடும்பங்கள் எவ்வளவு தூரம் நடந்தன என்பது மாலையில் விளங்கும். இடம்பெயர்வு எம்முடன் தொடங்கியதல்ல என்பதும், மாதாவும் எம்மோடு வெளிக்கிட்டுத் திரும்பியவள் என்பதும் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு வாடகை பஸ்ஸே தேவைப்படாது. கோட்டை, பொது நூலகம், நாவலர் வீதி நூதனசாலை, நல்லூர் மந்திரிமனை ஆகியவற்றைச் சாதாரண பஸ்ஸில் போய் ஒரே நாளில் பார்க்கலாம். அப்படியானால் சந்தா பாதியிலும் குறையும்.

கவனிக்க வேண்டியவை

பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோக வேலை தொடங்குமுன் நாளைக் குறியுங்கள். ஆடி 2 ஆம் திகதி, ஆவணி 15 ஆம் திகதித் திருவிழாக் காலங்களில் மடுவில் சனம் நிறைந்திருக்கும். ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க வேறு நாளே நல்லது. 1990 இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. புகையிரதம் ஓடும் நாளையும் நேரத்தையும் நிலையத்தில் கேட்டறிந்தால் சில குடும்பங்களுக்குச் செலவு குறையும். பாடசாலை ஊடாகப் போவதாயின் அதிபரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

நடைபாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவோ, தெரியாத பொருளைத் தொடவோ பிள்ளைகளை விட வேண்டாம். மிதிவெடி அபாயப் பலகை கண்ட இடத்தில் மேலே ஓரடியும் வைக்கலாகாது. கடைச் சாப்பாட்டைத் தவிர்த்துக் கட்டுச்சோறும் கொதித்தாறிய நீரும் கொண்டு போங்கள். கூட்டில் வளர்க்கும் கோழியைக் கவனிக்க அயலவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பி கொண்டு போகட்டும். முதியவர் சொல்லும் குளத்தின் பெயர், வயலின் பெயர், வாய்க்காலின் பெயர் அத்தனையையும் எழுதட்டும். இன்னும் விடுவிக்கப்படாத எமது காணிகளுக்கு ஒருநாள் வழி திறக்கும்போது, எல்லைக்கல் எங்கே இருந்தது என்று காட்ட அப்பு இல்லாமல் போகலாம். அந்தக் கொப்பி இருக்கும். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே முதற் சந்தாவைக் கட்டித் தொடங்குங்கள்.