குதிரைகள் விட்டுச்சென்ற உப்பு

லண்டனின் பெல்கிரேவியா, கென்சிங்டன் பகுதிகளில் பெரிய மாளிகை வரிசைகளுக்குப் பின்னால் குறுகிய சந்துகள் ஒளிந்திருக்கும். கருங்கல் பாவிய தரை, தண்ணீர் ஓட நடுவில் சற்றே குழிந்திருக்கும். ஓரங்களில் ஒரே ஒரு மாடி வைத்த சின்னச் சின்ன வீடுகள். ‘மியூஸ்’ என்பது இந்தச் சந்துகளின் பெயர். இன்று கோடிகளில் விலைபோகும் இவை, கோச்சு வண்டியும் குதிரையும் நிற்பதற்கென்று கட்டப்பட்டவை.

சேரிங் கிராஸில் அரசரின் வேட்டை வல்லூறுகளை இறகு உதிர்க்கும் காலத்தில் அடைத்துவைத்த இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 1534இல் அது எரிந்துபோனது. பிறகு அங்கே அரச லாயம் எழுந்தது. லாயங்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தச் சந்துக் கட்டடங்களில் கீழே வண்டியும் குதிரையும்; மேலே உலர்புல் பரணும் வண்டியோட்டி தங்கும் அறைகளும். தெருப்பக்கம் வண்டி நுழையும் அகன்ற இரட்டைக் கதவு. மாளிகையைப் பார்த்த பின்சுவரில் பெரும்பாலும் சன்னலே இருக்காது. தோட்டத்தில் உலவும் எசமானர் குடும்பம் வேலைக்காரர் கண்ணில் படக் கூடாதாம். மாளிகையின் தூண்களைவிட இந்த மொட்டைச் சுவர்தான் அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

மோட்டார் கார் வந்து குதிரைகள் போனபின் லாயங்கள் ஒவ்வொன்றாக வீடுகளாயின. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவதால், மாடிப்படிக்கு நேர்மேலே கூரையைத் திறந்து கண்ணாடி பதிப்பார்கள். வண்டிக்கதவு இருந்த இடம் கூடத்தின் பெரிய சன்னலாகிவிடும்.

சுவர்தான் எளிதில் வழிக்கு வராது. பல்லாண்டு காலக் குதிரை மூத்திரம் செங்கல்லில் ஊறி, நைட்ரேட் உப்பாகத் தங்கியிருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் மழைக்கால இரவில் சுவர் நனைந்து கறுக்கும். காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். குழாய் கசிகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே சிக்கி வேறோரிடத்தில் தலைகாட்டும். பழைய கட்டடங்களை அறிந்தவர்கள் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். அதன் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும். உப்பு செங்கல்லை விட்டுக் காரைக்குள் வந்து சேரும். காரை கெட்டதும் உரித்தெடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். சில சுவர்களுக்கு இதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டியிருக்கும். பொறுமையான, நேர்மையான வேலை.

ஹைட் பார்க் அருகே பாதர்ஸ்ட் மியூஸில் இன்னும் குதிரைகள் கட்டிய லாயம் உண்டு. வீடுகளாகிவிட்ட பழைய வண்டிக்கதவுகளைக் கடந்து, கருங்கல்லில் குளம்பொலி எழ, அவை பூங்காவுக்குச் சவாரி போகின்றன.