பழைய வருத்தத்தை மறைக்கலாமா?

என் மச்சாளுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். திருக்கோவிலிலிருந்து இரவு பஸ்ஸில் அவருடன் போய்வந்தவள் நான்தான். 11 வருடம் ஓடிவிட்டது. அண்மையில், படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்றார். கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள். பழைய வருத்தத்தை மச்சாள் வாயே திறக்கவில்லை.

"அது முடிஞ்ச கதைதானே மச்சாள், திரும்பவும் ஏன் ஊருக்குச் சொல்லுவான்?" என்றார்.

சகோதரிகளே, உடம்பு அந்தக் கதையை மறப்பதில்லை. இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்குக் கலங்கள் மூடியிருக்கின்றன. அவை ஓயாமல் சில மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. நைத்திரிக் ஒட்சைட்டு குழாயை இளக்கி விரிக்கும். (இதய நோயாளர் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை தருவதும் இதைத்தான். இதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.) புரொஸ்டாசைக்கிளின் என்பது குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும்.

கதிர்வீச்சு பட்டால் இவ்விரண்டும் குறைகின்றன. வெண்குருதிக் கலங்களைப் பிடித்து ஒட்டவைக்கும் மூலக்கூறுகளோ சில மணி நேரத்திலேயே கூடுகின்றன. இரத்தத்தை உறையவைக்க உதவும் புரதமும் அதிகமாக வெளிவருகிறது. இந்த அழற்சி ஆறாமல் கிடந்தால், வருடக்கணக்கில் கொழுப்புப் படிந்து குழாய் ஒடுங்கும். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், இடது மார்புக்குக் கொடுக்கும் கதிரில் கொஞ்சம் அதற்கும் படுகிறது.

சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை இச்சிகிச்சை பெற்ற 2168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவு வெளியானது. இதயத்தில் படும் ஒவ்வொரு கிரே அளவுக்கும் மாரடைப்பு போன்றவற்றின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. 5 வருடத்துக்குள்ளேயே தொடங்கி, 20 வருடம் தாண்டியும் நீடிக்கிறது. நூறில் ஏழு பேருக்கு வரும் என்று பயந்துவிடாதீர்கள். ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பில்தான் இந்தக் கூடுதல்.

இதைக் கேட்டுக் கதிர்வீச்சு வேண்டாம் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. புற்றுநோய் திரும்பி வருவது இதைவிடப் பெரிய ஆபத்து. இப்போது இதயத்துக்கு எவ்வளவு படும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் விலகியிருக்கும் நேரத்தில் கதிர் கொடுக்கும் முறையும் உண்டு. சிகிச்சை தொடங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

மறுமுறை கிளினிக்குக்கு நானும் போனேன். மச்சாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் அம்மா?"

"இடது."

அன்றே ஈசீஜி எடுத்து, இதய நோய்ப் பிரிவுக்குக் கடிதமும் தந்தார்.