தாத்தா சைக்கிளுக்குப் புது உயிர்!

"கடக்... கடக்..."

பெடலை மிதிக்கும்போதெல்லாம் பழைய சைக்கிள் இப்படி முனகுகிறதா? வயதாகிவிட்டது என்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பல சைக்கிள்களில் கோளாறு ஒரு சிறு ஆணியில்தான் இருக்கும். அதன் பெயர் காட்டர் பின்.

பெடலைத் தாங்கும் கைக்குக் கிராங்க் என்று பெயர். அதை நடு அச்சோடு சேர்த்துப் பூட்டுவது இந்தப் பின்தான். பின் தேய்ந்தால் கிராங்க் ஆடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் நழுவும். ஆள் விழ வேண்டியதுதான்!

ராலேயின் மரை

இங்கிலாந்தில், நாட்டிங்காம் நகரில் 1888-ல் உருவானது ராலே கம்பெனி. ராலே என்பது ஒரு தெருவின் பெயர். அந்த நகரில் சைக்கிள் உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. ஆனால் அங்கே செய்த சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன.

அவற்றுக்குச் சாமான் வாங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நடு அச்சின் இரு பக்கமும் "கப்" உண்டு. மற்ற ஆங்கில சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் அதன் மரை அங்குலத்துக்கு 24. பழைய ராலேயிலோ 26! பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 24 மரைக் கப் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகிவிடும். பலவந்தமாகத் திருகினால் பிரேமின் மரையே அறுந்து போகும். கப்பை மாற்றப் போய் சைக்கிளையே இழக்கலாமா?

பழைய கப்பில் குழி விழவில்லை என்றால், துடைத்து அதையே மாட்டுங்கள். பால்ரஸை மட்டும் மாற்றினால் போதும். கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11.

அரை மில்லிமீட்டர்

காட்டர் பின்னில் 9.5 மில்லிமீட்டரும் உண்டு, 9 மில்லிமீட்டரும் உண்டு. சரிவும் பல விதம். "எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய பின்னையும் அச்சையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பின்னை அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் குண்டுகள் மேல் இறங்கும். அடித்த பிறகே நட்டை முடுக்குங்கள். நட்டை முடுக்கியே பின்னை இழுத்தால் அதன் மரை போய்விடும். சில மைல் ஓட்டிய பின் மறுபடி முடுக்குங்கள்.

இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா? சத்தம் இல்லையா? வேலை முடிந்தது.

தாத்தா மிதித்த சைக்கிளை இனிப் பேரனும் மிதிக்கலாம்!