வார்த்தை தப்பினால் ஆள் காலி!

எழுத்தாலேயே ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு புகார் பெட்டி

படம் கிடையாது. பாட்டு கிடையாது. திரையில் தெரிவதெல்லாம் வெறும் எழுத்து. ஆனாலும் அதற்குள் ஊர் உண்டு. தெரு உண்டு. காடு உண்டு. அரக்கனும் உண்டு!

இந்த வகைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு "மட்" என்று பெயர். பலர் அவரவர் இடத்தில் இருந்தபடியே, ஒரே சமயத்தில் சேர்ந்து ஆடலாம்.

இதைத் தொடங்கியவர் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா. ஆண்டு 1978. பிறகு சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார்.

ஊர் கூடி எழுதியது

1989-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் "டைனி மட்" என்ற ஆட்டத்தைச் செய்தார். அதில் ஆட வந்தவர்களே புது அறைகளை எழுதிச் சேர்க்கலாம்.

1991-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 5 பேர் "டிக்கு மட்" ஆட்டத்தை வெளியிட்டார்கள். பலரும் அதை வாங்கி, தங்கள் கற்பனையில் புதுப்புது ஊர்களை எழுதிச் சேர்த்தார்கள். அதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்பது மாணவர்கள் போட்ட நிபந்தனை.

எழுதியவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பத்திரிகை ஆபீஸ் போல புரூப் பார்க்கத் தனி ஆள் ஏது? பிழை வரத்தானே செய்யும்!

பாலமா, பள்ளமா?

இந்த ஆட்டத்தில் எழுத்துதான் கண். "கிழக்கே பாலம், மேற்கே பள்ளம்" என்று எழுத வேண்டியதை ஒருவர் மாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம்பிப் போனவன் கதி என்ன?

டிக்கு மட் வகையில், கால் வைத்ததுமே சாவு என்ற அறைகள் உண்டு. பல நாள் இரவு விழித்துச் சேர்த்த பொருள் ஒரே நொடியில் போய்விடும்.

ஒரு வரி போதும்

பிழையைக் கண்டவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. "டைப்போ" என்று அடித்து, பிழையை ஒரே வரியில் சொன்னால் போதும். ஆட்டமே கோளாறு செய்தால் "பக்". புது யோசனை தோன்றினால் "ஐடியா".

டிக்கு மட்டை ஆதாரமாக வைத்து ஜெரமி எல்சன் 1993-ல் வெளியிட்டது "சர்க்கிள் மட்". அதில் இந்தப் புகார் பதிவாகும் முறையைப் பாருங்கள். சொன்னவர் பெயர், தேதி, அவர் நிற்கும் அறையின் எண், சொன்ன சேதி. நான்கும் ஒரே வரியில்!

ரயில் நிலையப் புகார் புத்தகமும் இப்படித்தான். வண்டி எண்ணும் தேதியும் இல்லாத புகாரை யார் தேடித் திருத்துவது?

பெயர், தேதி, அறை எண் மூன்றையும் இயந்திரமே எழுதிவிடும். மற்றதை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். "இங்கே தப்பு இருக்கிறது" என்றால் பயனில்லை. எந்த வரியில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அரக்கன் கொச்சையாகப் பேசினால் அது பிழை ஆகாது. எழுதியவர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருப்பார்.

இதற்குப் பண்டிதர் தேவையில்லை. எழுதியவர் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும். நிதானமாகப் படிக்கிற புது ஆள் கண்ணில் அது சிக்கும்.

பெட்டி நிறைந்தால்?

புகார் பெட்டிக்கும் அளவு உண்டு. சர்க்கிள் மட்டில் வழக்கமாக 50 ஆயிரம் ஆங்கில எழுத்து. நிறைந்துவிட்டால், பிறகு வரும்படி இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும். யாராவது திறந்து பார்த்து, திருத்தி, காலி செய்தால்தான் மறுபடி வாங்கிக்கொள்ளும். திறக்க ஆள் இல்லாவிட்டால் புகார் சொல்லியும் பயனில்லை. அந்த ஆளும் சம்பளம் இல்லாதவர்தான்.

பிழை சொன்னவருக்குப் பரிசு கிடையாது. திரையில் ஒரு நன்றி வரும். அதுவும் இயந்திரம் சொல்கிற நன்றி!

ஆனால் பிழை திருந்திய பிறகு அந்த அறைக்கு வருகிறவன் பள்ளத்தில் விழமாட்டான். பாலம் ஏறிப் போய்விடுவான். தன்னைக் காப்பாற்றியது யார் என்பது அவனுக்குத் தெரியப் போவதில்லை.