பிளாக்பூல்: ஆலைத் தொழிலாளரின் கடற்கரை

இங்கிலாந்திலே கடற்கரைக்குச் செல்லுதல் என்னும் வழக்கம் இன்பம் நாடித் தோன்றியதன்று. மருந்து நாடித் தோன்றியது. றிச்சட் றசல் என்னும் மருத்துவர், கடல்நீரிற் குளிப்பதும் அதனைப் பருகுவதும் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று 1750ஆம் ஆண்டில் நூலொன்று எழுதி வெளியிட்டார். செல்வர்கள் அவர் சொற்கேட்டுப் பிறைற்றன் முதலிய கடற்கரையூர்களுக்குச் சென்றனர். சக்கரம் பூட்டிய மரக்கூண்டினுள் இருந்தபடியே குதிரையால் நீரினுள் இழுத்துச் செல்லப்பட்டு, பிறர் கண்ணிற் படாது மூழ்கி எழுந்தனர். இவ்வாறு உயர்குடியினரின் வைத்தியமாயிருந்த கடல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்துள் ஆலைத் தொழிலாளியின் திருவிழாவாக மாறியது. அம்மாற்றத்தை வேறெந்த ஊரினுந் தெளிவாகக் காட்டுவது, லங்காஷயர்க் கரையில் ஐரிஷ் கடலை நோக்கியிருக்கும் பிளாக்பூல் என்னும் நகராகும்.

பிளாக்பூல் என்பதற்குக் 'கரிய குளம்' என்பது பொருள். உள்நாட்டுச் சதுப்பு நிலத்தினின்றும் கறுத்த நீரைக் கொணர்ந்து கடலிற் கலந்த ஓடையொன்றினால் இப்பெயர் வந்தது. பெயரிலே கவர்ச்சியில்லை, இயற்கையழகென்று சொல்லத்தக்கதும் மிகுதியாக இல்லை. நீண்ட மணற்பரப்பும் ஓயாத காற்றுமே அவ்வூரின் முதல். 1846ஆம் ஆண்டிற் புகையிரதப்பாதை அங்கு வந்து சேர்ந்தது. அப்பாதையின் மறுமுனையில் ஓல்டம், போல்ற்றன், பேண்லி, பிளாக்பேண் முதலிய பருத்தியாலை நகரங்கள் இருந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் நம் முன்னோர் உடுத்த ஆலைத்துணிகள் பல இந்நகரங்களின் தறிகளிலேயே நெய்யப்பட்டவை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இந்நகரங்களில் 'வேக்ஸ்' எனப்படும் விடுமுறை வாரம் ஒன்று இருந்தது. விழித்திருத்தல் என்பது அச்சொல்லின் பொருள். ஊர்த் தேவாலயத்துக்குரிய திருநாளின் முதனாளிரவு மக்கள் கண்விழித்து வழிபட்டமையால் அப்பெயர் உண்டாயிற்று. (சிவராத்திரி விழிப்பை அறிந்த நமக்கு இது விளங்குதற்கு அரியதன்று.) ஆலைகள் பெருகியபின் வழிபாடு தேய்ந்தது, விடுமுறை எஞ்சியது. அவ்வாரத்தில் ஒரு நகரின் ஆலைகள் எல்லாம் ஒருங்கே மூடப்பட்டன, புகைபோக்கிகள் ஓய்ந்தன, அயலவர் அனைவரும் ஒன்றாய்ப் புகையிரதம் ஏறினர். ஆனால் எல்லா நகரங்களும் ஒரே வாரத்தில் மூடப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே மூடப்பட்டன. ஆதலின் பிளாக்பூலுக்குக் கோடை முழுவதும் வருவோர் தொகை இடையறாதிருந்தது. இவ்வொழுங்கே அந்நகரின் செல்வத்துக்கு அடிப்படை என்று கூறுதல் மிகையாகாது.

அவ்விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்பதையும் மறத்தலாகாது. தொழிலாளர் ஆண்டு முழுவதும் கிழமைதோறும் சில பென்சுகளை ஆலையின் சேமிப்புச் சங்கத்தில் இட்டு வைத்து, அவற்றை ஒரே வாரத்திற் செலவிட்டனர். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த சட்டம் 1938ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எனவே, பின்வரும் களியாட்டங்கள் ஒவ்வொன்றையும் அந்தச் சிறுபென்சுகளின் கணக்கிலே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு நுழைவுக்கட்டணத்துக்கு எவ்வளவு இன்பம் கொடுத்தல் கூடும் என்ற போட்டியே பிளாக்பூலை உருவாக்கிற்று.

முதலிற் கடற்பாலங்கள் எழுந்தன. இவை மரக்கலம் அணைதற்கு மாத்திரம் ஏற்பட்டவையல்ல. கடலின்மேல் உலாவுதற்கென இருப்புத் தூண்களின்மீது அமைத்த நடைமேடைகள். கடற்பயணத்தின் இன்பத்தைக் கடல் நோயின்றி நுகரச் செய்தவை எனலாம். இயூஜீனியஸ் பேர்ச் என்பார் வரைந்த வடபாலம் 1863இல் திறக்கப்பட்டது. அங்கு மேன்மக்கள் உலாவி வாத்திய இசை கேட்டனர். 1868இல் திறக்கப்பட்ட நடுப்பாலத்திலோ திறந்தவெளி நடனம் நிகழ்ந்தது. தொழிலாளர் அங்கே திரண்டனர். மூன்றாவது பாலம் 1893இல் எழுந்தது. ஒரே கரையிலே வகுப்புக்கொரு பாலம் இருந்தமை அக்கால ஆங்கிலச் சமுதாயத்தின் இயல்பை நன்கு புலப்படுத்தும்.

நகரின் அடையாளமாய் விளங்கும் கோபுரத்தின் கதை சுவையானது. யோன் பிக்கஸ்ராவ் என்னும் நகரபிதா 1889ஆம் ஆண்டிற் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்று ஐபெல் கோபுரத்தைக் கண்டார். அத்தகையதொன்று தம்மூரிலும் வேண்டும் எனக் கருதினார். பங்குகள் எதிர்பார்த்தவாறு விற்பனையாகாத காலத்துத் தம் சொந்தப் பணத்தையும் அதிலே முடக்கினார். 518 அடி உயரமான அக்கோபுரம் 1894ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி திறக்கப்பட்டது. அதனை வரைந்த மாக்ஸ்வெல், ரியூக் என்னும் மஞ்செஸ்ரர்ச் சிற்பிகள் இருவரும் அது முடியுமுன்னரே இறந்தனர். பாரிஸ் கோபுரத்தின் கால்களுக்கிடையே வெற்றிடம் இருக்கின்றது. பிளாக்பூலாரோ அவ்விடத்தை வீணாக்கவில்லை. நான்கு கால்களுக்கும் நடுவே சர்க்கஸ் அரங்கொன்றை அமைத்தனர். ஆட்டத்தின் இறுதியில் அரங்கின் தரை கீழே இறங்க, ஏறத்தாழ 42,000 கலன் நீர் வந்து நிரம்ப, அரங்கு குளமாகிவிடும். விலங்குகள் பங்குகொண்ட ஆட்டங்கள் 1990ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன, நீர்க்காட்சி நிற்கவில்லை.

அதே கட்டடத்திலுள்ள நடனமண்டபம், நாடகசாலைகள் அமைப்பதிற் பேர்பெற்ற பிராங் மச்சம் என்பாரால் 1899இல் அமைக்கப்பட்டது. பொன்வேலைப்பாடும் ஓவிய விதானமும் கொத்துவிளக்குகளும் கொண்ட அம்மண்டபத்தைக் கண்டவர் அரண்மனை என்றே கருதுவர். இதிலே ஒரு கருத்து அடங்கியிருக்கின்றது. புகை படிந்த சிறுவீடுகளில் வாழ்ந்த நெசவுப் பெண்ணொருத்தி, சிறு கட்டணங் கொடுத்து ஒரு மாலைப்பொழுதேனும் அரண்மனையில் ஆடலாம் என்பதே அது. றெஜினால்ட் டிக்சன் என்பார் 1930 முதல் 1970 வரை அங்கு ஓகன் வாசித்தார். நாற்பதாண்டு ஒரே மேடையில் ஒரே வாத்தியத்துக்கு ஒருவர் உரியவராயிருந்தமை எந்நாட்டிலும் அருமையே. 1956இல் தீயினாற் சேதமுற்ற அம்மண்டபம் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டது.

தனியார் இவ்வாறு முயல, நகரசபையும் வாளாவிருக்கவில்லை. விளம்பரத்துக்கென உள்ளூர் வரியொன்றை விதிக்கும் அதிகாரத்தை 1879ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பெற்றது; இது பிற நகரங்களுக்கு வாய்க்காத வசதி. அவ்வாண்டிலேயே எட்டு மின்வில் விளக்குகளைக் கரையோர வீதியில் ஏற்றிற்று. அவற்றைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 1885இல் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. முதலில் மின்சாரம் தண்டவாளத்தின் நடுவேயுள்ள கால்வாய் வழியாகச் செலுத்தப்பட்டது. கடல்நீரும் மணலும் அதனுட் புகுந்து இடர் விளைத்தமையால் 1899இல் மேலே கம்பி கட்டப்பட்டது. பிரித்தானிய நகரங்கள் பலவும் பின்னர் டிராம்களைக் கைவிட்டபோதும் பிளாக்பூல் கைவிடவில்லை.

ஒளிவிழா என்பது இச்சபையின் கணக்கறிவுக்குச் சிறந்த சான்று. 1912ஆம் ஆண்டிலே இளவரசி லூயிஸ் வருகையை முன்னிட்டு ஏறத்தாழ 10,000 விளக்குகள் தொங்கவிடப்பட்டன. செப்டெம்பர் மாதத்திற் குளிரும் இருளும் வரக் கூட்டம் கலைவது கடற்கரையூர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. நீண்ட இரவைக் குறையெனக் கொள்ளாது காட்சிக்குரிய திரையாகக் கொண்டால், வருவாய்க்காலம் இரண்டு மாதம் நீளும் அன்றோ? போரினாற் தடைப்பட்டு 1925இல் மீளத் தொடங்கிய விழா, இரண்டாம் உலகப்போரினாலும் அதன்பின் வந்த நெருக்கடியினாலும் 1939 முதல் நின்று, 1949இல் மீண்டும் ஏற்றப்பெற்றது. கரையோரமாய் ஆறு மைல் தூரம் அது நீள்கின்றது.

மணலிலே நிகழ்வன எளியவை. சிறுவர் கழுதைச் சவாரி செய்வர். கழுதைகளுக்கு நண்பகலில் ஒருமணிநேர ஓய்வும் வெள்ளிக்கிழமை முழுநாள் ஓய்வும் விதிக்கப்பட்டிருக்கின்றன. ஆலைப்பெண்ணுக்குச் சட்டம் எளிதில் வழங்காததைக் கழுதை பெற்றிருந்தது என ஒருவர் எள்ளினால் மறுப்பது கடினம். அருகே 'பஞ்ச் - யூடி' என்னும் கைப்பாவைக்கூத்து நிகழும். இத்தாலியிலிருந்து வந்த இக்கூத்தை 1662ஆம் ஆண்டில் லண்டனிற் கண்டதாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். திரைக்குள் ஒருவரே நின்று எல்லாப் பாவைகளையும் ஆட்டுவார். இரு சிறு தகடுகளை நாடாவாற் கட்டி வாயினுள் அடக்கிக்கொண்டு, பஞ்சின் கீச்சுக்குரலை எழுப்புவார். மனைவியையும் காவலாளனையும் தடியால் அடிக்கும் இம்முரடன் ஏன் குழந்தைகளுக்கு இனியவனானான் என்பது ஆராயத்தக்க வினா.

ஊர் திரும்புவோர் கையில் 'றொக்' இருக்கும். இதனைப் 'பாறை' என மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். இது கழிபோல் நீண்ட சீனிமிட்டாய். இதனை எவ்விடத்தில் முறித்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் எழுத்துக்களாய்த் தோன்றும். இதன் மருமம் பலருக்கும் விளங்குவதில்லை. காய்ச்சிய சீனிப்பாகின் ஒரு பகுதிக்கு நிறமூட்டி, நீண்ட பட்டைகளாக்கி, வெண்பட்டைகளோடு அடுக்கி ஒவ்வோர் எழுத்தையும் பருமனாக அமைப்பர். சதுர வடிவமான எழுத்துக்களை முதலிலும், நெகிழ்ந்து உருமாறக்கூடிய வட்ட, முக்கோண எழுத்துக்களை ஈற்றிலும் செய்வர். பின்னர் எல்லாவற்றையும் வெண்பாகைச் சுற்றி நிரல்பட வைத்து, செந்நிறப் போர்வையிட்டால் மரக்குற்றிபோன்ற பெருந்திரள் உண்டாகும். அதனை உருட்டி இழுக்க இழுக்க எழுத்துக்களும் ஒருசேர மெலிந்து, விரற்பருமனான கழியினுள் சிற்றெழுத்தாய் நிற்கும். எழுதப்படும் எழுத்தன்று; இழுக்கப்படும் எழுத்து.

கடற்கரையின் தென்பாகத்திலே 1896ஆம் ஆண்டு முதல் வளர்ந்த கேளிக்கைத்தோட்டத்தில், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைறம் மாக்சிம் 1904இல் அமைத்த பறக்கும் இராட்டினம் இன்னும் சுழல்கின்றது. இதைவிடத் தரங்குறைந்த காட்சிகளும் அக்கரையில் இருந்தன. ஒழுக்கக் குற்றஞ்சாட்டி 1932இற் பதவி நீக்கப்பட்ட ஹறல்ட் டேவிட்சன் என்னும் கிறித்தவ குரு, வழக்குச் செலவுக்குப் பொருள் தேடி ஒரு பீப்பாயினுள் அமர்ந்து தம்மைக் காட்சிப்பொருளாக்கினார். மக்கள் பணங்கொடுத்துப் பார்த்தனர். 1937இல் ஸ்கெக்னெஸ் என்னும் வேறொரு கடற்கரையூரிற் சிங்கக்கூண்டினுட் புகுந்து காட்சியளிக்கையில் அவர் சிங்கத்தாற் தாக்குண்டு இறந்தார். மனிதனின் அவமானமும் விலைப்பொருளாகும் என்பதைப் பிளாக்பூலின் வரலாற்றிலிருந்து மறைத்தல் நேர்மையன்று.

கற்றோர் பலர் இந்நகரைக் கீழ்த்தரமானதென இகழ்ந்தனர். எமது கருத்து வேறு. தம் உழைப்பின் எச்சத்தைக் கொண்டு ஒரு மக்கட்கூட்டம் தனக்கென அமைப்பித்துக்கொண்ட நகர் இது. அதன் சுவையைக் குறைகூறுமுன் அதன் கூலியை எண்ணுதல் தகும்.

அக்கூட்டமே பின்னர்க் கலைந்தது. பருத்தியாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 1960களுக்குப் பின் மலிவான விமானப்பயணம் வெயில் மிக்க ஸ்பானியக் கரைகளைத் தொழிலாளர்க்குத் திறந்துவிட்டது. விருந்தினர் தங்கிய வீடுகள் பல, ஒற்றை அறைகளாகப் பிரிக்கப்பட்டு வறியோர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. 2019ஆம் ஆண்டின் அரசாங்க அளவீடு, இங்கிலாந்தின் மிக வறிய நகராட்சிப் பகுதிகளின் முன்வரிசையில் பிளாக்பூலை வைத்தது. அங்குள்ள ஆண்களின் சராசரி ஆயுளும் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. பெருஞ்சூதாட்டசாலை ஒன்றால் மீளலாமென்று நகரசபை எதிர்பார்த்தது. 2007இல் அவ்வாய்ப்பு மஞ்செஸ்ரருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, பின்னர் எங்கும் இல்லாமற் கைவிடப்பட்டது. 2010இற் கோபுரத்தை நகரசபையே விலைக்கு வாங்கிற்று. 2012இல் டிராம் பாதை புதுப்பிக்கப்பட்டது. 2020 முதல் ஒளிவிழா சனவரி வரை நீட்டப்பட்டது. அதைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நன்கொடை கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம்.