வன்னி வற்றலும் வடமராட்சி அடுப்பும்

தொண்டைமானாற்றில் மானைத் தேடிச் செல்வோர் ஏமாந்தே திரும்புவர். நீரேரியும் கடலும் மணலும் பனையுமே அவ்வூரின் காட்சி. செல்வச் சந்நிதி முருகனின் அன்னதானச் சிறப்பை அறிந்து வரும் அடியார்க்கு, அது சைவ உணவின் உறைவிடமாகவே தோன்றும். ஆயினும் அவ்வூர்ப் பழைய அடுப்படிகள் சிலவற்றில் மான் வற்றலின் மணமும் வீசிய காலம் ஒன்றுண்டு. ஆனையிறவுக்கு அப்பால் வன்னியில் உறவினர் உடையோர்க்கு அவ்வற்றல் ஓலைப்பெட்டியிலே வந்து சேரும்.

அண்மையில் அவ்வூர் மூதாட்டியார் ஒருவருடன் அளவளாவினோம். நியூசிலாந்தில் வாழும் அவர் மகள், அங்கே பண்ணைகளில் வளர்த்த மானின் இறைச்சியைக் கடையில் வாங்கிவிட்டு, சமைக்கும் வகை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தாராம். அம்மையார் மான் சமைத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் கைப்பக்குவம் மறக்கவில்லை. "பிள்ளை, அவசரப்படாதை. மான் கொழுப்பில்லாத இறைச்சி; நெருப்பைக் கூட்டினால் நாராய்ப் போகும்" என்றாராம்.

இதில் உண்மை உண்டு. ஓடித் திரியும் விலங்கின் கால், தோள் ஆகியவற்றில் இணைப்புத் திசு மிகுதி. மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் அது இளகும். ஒரு கிலோ இறைச்சிக்கு மஞ்சளும் உப்பும் அரைத் தேசிக்காய்ப் புளியும் பிசறி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, கறுவா, பெருஞ்சீரகம் ஆகியவற்றைத் தாளித்து, இறைச்சியையும் இரண்டு மேசைக்கரண்டி யாழ்ப்பாணத் தூளையும் இட்டுப் பிரட்டி, இரண்டாம் பால் விட்டு மூடிவிடலாம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் செல்லும். முதற்பாலை இறுதியிலே சேர்த்து, ஒரு கொதியுடன் இறக்குக. பிட்டுக்கு இதைவிடச் சுவையான துணை அரிது.

வற்றலின் வகை வேறு. நீளக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலிற் காயவைத்து, பின் அடுப்புக்கு மேலே புகையிலே தொங்கவிடுவர். சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, உரலில் இடித்துக்கொள்வர். காட்டில் வாழ்ந்த வேடர் மரப்பொந்தில் தேனிட்டு இறைச்சியைக் காத்த முறையை, இத்தீவிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலே காணலாம். நம்மவர் புகையைத் தேர்ந்தனர்.

ஆனால் நியூசிலாந்து மகள் செய்வதை இங்குள்ள தாய் செய்தல் ஆகாது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானைக் காக்கின்றன. அதன் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "வேட்டை இறைச்சி" என்று பொட்டலத்துடன் படலையில் நிற்பவனிடம் ஆசைப்பட்டு வாங்குவோர் தம் பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொட்டலத்தில் இருப்பது மான்தானா என்பதற்கும் பிணை இல்லை. திருகோணமலைக் கோட்டையினுள் கோணேசர் கோயில் வழியிலே அஞ்சாது மேயும் புள்ளிமான்களைக் கண்டவர்க்கு, அவ்வாசை தானாகவே தணியக்கூடும்.

இங்கே அதே பக்குவத்தில் ஊராட்டுத் தொடையைச் சமைத்தாற் போதும். அம்மையாரும் இப்பொழுது அப்படியே செய்கின்றார். கொடியேறும் நாட்களில் அதுவும் இல்லை.

மறுவாரம் மகள் அழைத்தார். கறி நன்றாக வந்ததாம். பழைய மணம் மட்டும் வரவில்லையாம். அம்மையார் சிரித்துக்கொண்டு சொன்ன மறுமொழி இது:

"புகையில்லாத அடுப்பிலை அந்த மணம் எங்காலை பிள்ளை வரும்?"